செப்பேடும் பாட்டேடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



யூதர் என்ற சொல்லைக் கேட்டவுடன் கற்றவர் நெஞ்சில் எழுவது அலைச்சலின் வரலாறு. எருசலேமின் இரண்டாம் ஆலயம் கி.பி. 70இல் உரோமரால் தகர்க்கப்பட்டது. 1492இல் ஸ்பெயின் நாடு யூதரைத் துரத்தியது. 1516இல் வெனிசு நகரம் அவர்களை ஒரு சேரிக்குள் அடைத்து இரவில் வாயிலைப் பூட்டியது. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அறுபது இலட்சம் பேர் கொன்றொழிக்கப்பட்டனர். எஞ்சியோர் பலர் கடல் கடந்து அமெரிக்க மாநகரங்களில் குடியேறினர். அந்நகரங்களின் யூத வரலாற்றை எழுதிய நூல்கள் எத்தனையோ உள.

ஆனால் புதுக்கடையிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால் ஒரு பகற்பொழுதுப் பயணத்தில் சேரக்கூடிய ஒரு நகரத்திலும் யூதர் வாழ்ந்தனர். பாதுகாப்பாக வாழ்ந்தனர், ஆலயம் எழுப்பினர், அரசர்க்குத் தூதராயினர், பாடல் இயற்றினர். பின்னர், எவரும் துரத்தாமலேயே புறப்பட்டும் போயினர். அந்நகரம் கொச்சி. அதன் யூதர் வரலாற்றை இரண்டு ஏடுகளின் வழியே காண்பது இவ்வுரையின் நோக்கம். ஒன்று அரசன் தந்த செப்பேடு. மற்றொன்று பெண்கள் கைப்பட எழுதிவைத்த பாட்டேடு. இவ்விரண்டனுள் எது ஒரு மக்களை மக்களாக வைத்திருந்தது என்பதே இங்கு எழும் வினா.

தோகையும் மிளகும்

சேர நாட்டுக் கடற்கரைக்கும் மேலை நாடுகளுக்கும் இருந்த தொடர்பு தமிழிலக்கியம் கற்றோர் அறிந்ததே. முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் பதிவு செய்கிறது. வியன்னா நகர நூலகத்திலுள்ள இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்று, முசிறியிலிருந்து சென்ற சரக்குகளைப் பற்றிய வணிக ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. 2007 முதல் பறவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் ஊரில் நிகழ்ந்த அகழாய்வுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

இத்தொடர்பில் எபிரேய மொழிக்கும் ஒரு பங்குண்டு. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த அரும்பொருள்களுள் ஒன்றாகத் 'துகியீம்' என்பது சுட்டப்படுகிறது. மயிலைக் குறிக்கும் இச்சொல் தமிழின் 'தோகை' என்பதிலிருந்து சென்றதெனக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் கருதினார். எழுத்தில் பதிவான திராவிடச் சொற்களுள் மிகப் பழையது இதுவே என்பது அவர் துணிபு. இடையன்குடியில் இருந்து தமிழாய்ந்த ஒருவர், எபிரேய மறைநூலுக்குள் தமிழ்த் தோகையைக் கண்டது நினைந்து இன்புறத் தக்கது.

யூதர் எப்போது இக்கரையில் குடியேறினர் என்பதற்குச் செவிவழி மரபுகள் பல. இரண்டாம் ஆலயம் அழிந்தபின் கொடுங்கல்லூரில் வந்திறங்கினோம் என்பது அவர்கள் போற்றிய மரபு. மரபை விடுத்து ஆவணத்தை நாடினால், முதலில் எதிர்ப்படுவது வேணாட்டு ஆவணம். 849ஆம் ஆண்டளவில் வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில், வணிகக் குழுக்களான அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் இடம்பெறுகின்றன. அதன் சாட்சிக் கையொப்பங்கள் மூன்று எழுத்துகளில் உள்ளன: அரபு, பகலவி, எபிரேயம். எபிரேய எழுத்தில், பாரசீக மொழியில் நால்வர் கையொப்பமிட்டுள்ளனர். ஒரு கிறித்தவப் பள்ளிக்கு ஓர் இந்து ஆட்சியாளன் அளித்த கொடைக்கு இசுலாமியரும் பாரசீகரும் யூதரும் சாட்சி. இன்றைய குமரி மாவட்டப் பகுதியும் வேணாட்டு வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாதலின், இச்செப்பேடு அயலார் ஆவணமன்று.

செப்பேடு

யூதர்க்கென்றே வழங்கப்பட்ட செப்பேடு இதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டது. சேரப் பெருமாள் பாஸ்கர இரவிவர்மன் தன் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1000இல், முயிரிக்கோட்டில் இருந்தருளிய நாளில் வழங்கியது. பெற்றவன் பெயர் இசுப்பு இரப்பான். யோசேப்பு ரப்பான் என்ற எபிரேயப் பெயர் சேர நாட்டு நாவில் அவ்வாறு கனிந்தது.

இச்செப்பேடு வட்டெழுத்தால் ஆனது. இடையிடையே கிரந்த எழுத்துகள் விரவியுள்ளன. புதுக்கடைக்கு மிக அண்மையிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று, தொண்ணூற்றைந்து சட்டர்க்குச் சாலை அமைத்ததைக் கூறும் செப்பேடும் வட்டெழுத்தில் அமைந்ததே. முஞ்சிறைச் சாலைக்கும் முயிரிக்கோட்டு யூதனுக்கும் ஒரே எழுத்து. மலையாளம் தனிமொழியாக முழுதும் பிரிந்து நிற்காத காலத்து மொழியாதலின், இதனைத் தமிழ் மாணவர் ஓரளவு தாமே படித்தறியலாம்.

இரப்பானுக்கு அஞ்சுவண்ணப் பேறும், எழுபத்திரண்டு வீடுபேறும் வழங்கப்பட்டன. வீடுபேறு என்பது இங்கு முத்தியைக் குறிப்பதன்று. விடுக்கப்பட்ட உரிமை என்பதே பொருள். பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, காளம், படிப்புரை, தோரணம், தோரண விதானம் ஆகியவை அவ்வுரிமைகளுள் அடங்கும். பகலில் விளக்கேந்திச் செல்வதும், நடக்கும் நிலத்தில் துணி விரிப்பதும், குடை பிடிப்பதும் உயர்ந்தோர்க்கு மட்டுமே உரியவை என்றிருந்த காலம் அது. உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் நிறைகூலியும், தள்ளுபடி செய்யப்பட்டன. இவ்வுரிமை உலகும் சந்திரனும் உள்ளளவும் வழிவழி நிற்பதாகுக என்றனன் மன்னன். அவ்வழியில் ஆண்மக்களோடு பெண்மக்களும், பெண்மக்களை மணந்த மருமக்களும் சேர்க்கப்பட்டனர் என்பது பெண்ணுரிமை நோக்கில் குறிப்பிடத்தக்கது. சாட்சியாகக் கையொப்பமிட்ட நாடுவாழிகளுள் முதல்வன் வேணாட்டுக் கோவர்த்தன மார்த்தாண்டன்.

அஞ்சுவண்ணம் என்பதை ஐந்து வண்ணம், ஐந்து சாதி எனப் பிரித்துப் பொருள் கண்டோர் உண்டு. மேலை நாட்டு வணிகர் பலரும் சேர்ந்த குழுவின் பெயர் அது என்றும், அவை என்று பொருள்படும் 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல்லின் திரிபு என்றும் ஆய்வாளர் பலர் இன்று கருதுகின்றனர். அயற்சொல் ஒன்று தமிழ் எண்ணுப் பெயரின் உருவம் கொண்டு குடியேறியது போன்றே அம்மக்களும் இந்நிலத்தின் உருவம் கொண்டனர்.

கொடுங்கல்லூரிலிருந்து கொச்சிக்கு

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் துதேலா ஊரினரான பெஞ்சமின் என்னும் யூதப் பயணி, கொல்லத்து மிளகு நாட்டில் தம் இனத்தார் வாழ்வதைக் குறித்துவைத்தார். அந்நாட்டு மக்கள் போலவே அவர்களும் கருநிறத்தினர் என்றும், மோசேயின் சட்டத்தை அறிந்தவர்கள் என்றும் எழுதினார். சேந்தமங்கலத்திலுள்ள ஒரு கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டினது. இந்தியாவில் இதுவரை அறியப்பட்ட எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதெனக் கருதப்படும் அக்கல், இசுரவேல் மகள் சாரா என்ற பெண்ணின் பெயரைத் தாங்கியுள்ளது. அரசன் பெயரோ வணிகன் பெயரோ இல்லாமல் ஒரு மகளின் பெயரோடு அவ்வரிசை தொடங்குகிறது.

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியின் கடல்வாயைத் திறந்தது என்பர். வணிகம் கொச்சிக்குப் பெயர்ந்தது, வணிகர் பின்தொடர்ந்தனர். கொச்சங்காடியில் 1344இல் யூதப்பள்ளி ஒன்று எழுப்பப்பட்டது. அதன் கல்வெட்டு இன்றும் உள்ளது, கட்டடம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் கொடுங்கல்லூர் மோதல்களுக்கும் போர்த்துக்கீசியர் கொடுமைக்கும் உள்ளாகவே, எஞ்சியிருந்த யூதரும் கொச்சி அரசரின் நிழலை நாடினர். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டோர் சிலரும், அலெப்போ, பாக்தாது முதலிய நகரங்களிலிருந்து வந்தோரும் இவர்களோடு சேர்ந்தனர். புதியவர் பரதேசி யூதர் எனப்பட்டனர். பழையவர் மலபாரி யூதர் எனப்பட்டனர்.

1560இல் கோவாவில் போர்த்துக்கீசியர் சமய விசாரணை மன்றத்தை நிறுவினர். எட்டாண்டு கழித்து, 1568இல், கொச்சி அரசர் தம் மட்டாஞ்சேரி அரண்மனையின் பக்கத்திலேயே யூதர்க்கு நிலம் அளித்தார். பரதேசிப் பள்ளி அங்கு எழுந்தது. அரண்மனைக் கோயிலும் யூதப்பள்ளியும் ஒரே சுவரின் இருபுறத்தும் நின்றன. 1662இல் டச்சுக்காரரை ஆதரித்த குற்றத்திற்காகப் போர்த்துக்கீசியர் அப்பள்ளியைத் தீயிட்டனர். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைக்கொண்டதும் பள்ளி மீண்டும் உயிர்த்தது. 1686இல் ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து வந்த மோசே பெரைரா த பைவா என்பவர் கொச்சி யூதரைக் கண்டு எழுதிய குறிப்பு மறு ஆண்டு அச்சேறியது. அதன்பின் உலகின் இரு கோடிகளிலிருந்த யூதர்க்கிடையே நூல்களும் கடிதங்களும் சென்று வந்தன.

கொச்சி யூத வணிகருள் தலைசிறந்தவர் எசேக்கியல் ரகபி. 1694இல் பிறந்து 1771இல் மறைந்த அவர், டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் மலபார்த் தலைமை வணிகராக விளங்கினார். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்ற டச்சுக்காரர் பின்னர் திருவிதாங்கூரோடு உடன்பாடு தேடவேண்டியதாயிற்று; திருவிதாங்கூருடன் அவர்கள் நடத்திய பேச்சுகளில் ரகபிக்கும் இடமிருந்தது. பரதேசிப் பள்ளியின் தரையில் இன்றும் காணப்படும் நீலநிறச் சீன ஓடுகள் அவர் காலத்தவை. கையால் வரையப்பட்ட அவ்வோடுகளில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்பர். 1760இல் அவர் எழுப்பிய மணிக்கூண்டின் முகங்கள் எபிரேய எழுத்திலும் உரோம எண்ணிலும் மலையாள எண்ணிலும் நேரம் காட்டின. யூதர் தலைவருக்குக் கொச்சி அரசர் வழங்கிய பட்டம் 'முதலியார்' என்பதும் தமிழர் அறியத்தக்கது.

பள்ளிக்குள் இருந்த படிகள்

இதுவரை கூறியவை பெருமைக்குரிய செய்திகள். இவற்றோடு நிறுத்திக்கொண்டால் வரலாறு பாதியாகிவிடும். இச்சமுதாயம், தனக்குள்ளேயே ஒடுக்குமுறையை வளர்த்துக்கொண்டது. வெள்ளை யூதர், கருப்பு யூதர், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் என மூன்று பிரிவு உண்டாயிற்று. மூன்றாம் பிரிவினரை எபிரேயத்தில் 'மெசுக்ராரிம்' என்றனர். பரதேசிப் பள்ளியில் அவர்கள் இருக்கையில் அமரலாகாது. முன்மண்டபத்துத் தரையிலோ படியிலோ இருத்தல் வேண்டும். தோரா ஏட்டை ஓத அவர்கள் அழைக்கப்படுவதில்லை. மணவினை இல்லை. இறந்தபின் இடுகாட்டிலும் இடமில்லை.

யூத மறை இதனை ஏற்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கு எகிப்திலிருந்த சமய அறிஞர் தாவீது இப்னு சிம்ராவிடம் சென்றது. முறைப்படி சமயச் சடங்கு நிறைவேற்றிய பின்னர் அவர்களோடு மணவுறவு கொள்ளத் தடையில்லை என அவர் விடை எழுதினார். விடை வந்தது, வழக்கம் மாறவில்லை. நிலத்தின் சாதி, நூலின் சட்டத்தை வென்றது. குடையும் பகல்விளக்கும் பேறாகப் பெற்ற மக்கள், அவற்றைப் பேறாக்கிய ஏற்றத்தாழ்வையும் உடன் பெற்றனர் போலும்.

இதனை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882இல் மெசுக்ராரிம் குடியில் பிறந்தவர். அவர் பெயரிலுள்ள சேலம், மாங்கனிக்குப் பேர்போன நம் சேலம் அன்று. நிறைவையும் அமைதியையும் உணர்த்தும் எபிரேய வேரின் வழி வந்தது. சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929இல் இலாகூர் காங்கிரசு மாநாட்டிற்குச் சென்று வந்தார். கண்ட காந்திய நெறியைத் தம் பள்ளியின் வாயிலுக்கே கொண்டுவந்தார். இருக்கை மறுக்கப்பட்ட பள்ளியில் அறவழிப் போராட்டம் நடத்தினார். சிறிது சிறிதாகத் தடைகள் தளர்ந்தன. யூதக் காந்தி என்றே அவரைக் குறிப்பிடுவர். 1950இல் அவர் மகன் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதும் எதிர்ப்பு முற்றிலும் ஓய்ந்திருக்கவில்லை.

தென்திருவிதாங்கூர் மண்ணில் பிறந்தோர்க்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது. 1859இல் அரசாணை வரும்வரை தோள்சீலைக்காகப் பெண்கள் பட்ட பாட்டை இம்மண் அறியும். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டமும், 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளிவந்த ஆலய நுழைவுப் பிரகடனமும் இந்நிலத்தின் செய்திகளே. வைக்கத்தில் தெருவுக்காக நிகழ்ந்தது மட்டாஞ்சேரியில் இருக்கைக்காக நிகழ்ந்தது. தெய்வத்தின் பெயர் வேறு. படியின் உயரம் ஒன்றே.

பாட்டேடு

செப்பேடு பரதேசிப் பள்ளியின் காப்பில் இருந்தது. ஆடவர் எபிரேயத்தில் தொழுதனர். கொச்சியில் எபிரேயத்தில் பாடல் இயற்றிய புலவரும் உண்டு. 1615இல் மறைந்த நெகேமியா மோத்தா என்னும் அடியாரின் சமாதியில், இந்துக்களும் கிறித்தவரும் இசுலாமியரும் கூட மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வர். இவையனைத்தும் கண்ணுக்குத் தெரிந்த மரபு.

கண்ணுக்குத் தெரியாத மரபு பெண்கள் கையில் இருந்தது. கேரள யூதப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றவர்கள். தாம் கேட்ட பாடல்களை மலையாள எழுத்தில் கோடிட்ட குறிப்பேடுகளில் எழுதிவைத்தனர். தாய் ஏட்டைப் பார்த்து மகள் எழுதினாள். தோழி ஏட்டைப் பார்த்துத் தோழி எழுதினாள். திருமணத்திலும் பண்டிகையிலும் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடினர். பெண்குரல் ஆடவர் செவியில் படலாகாது என விலக்கிய யூதச் சமுதாயங்கள் பல. கொச்சியில் அவ்விலக்கு இல்லை. ஆடவர் முன்னிலையிலேயே பெண்கள் பாடினர்.

பாடுபொருள் விரிவானது. யோசேப்பின் துயர், எஸ்தரின் துணிவு முதலான விவிலியக் கதைகள், பள்ளி கட்டிய வரலாறு, மணமகள் வாழ்த்து, எருசலேமிலிருந்து வந்த எவராயி என்னும் ஆசானின் பயணம், பிற்காலத்தில் தாயகம் திரும்பும் ஏக்கம். எபிரேயக் கதைக்குள் பைங்கிளி பறந்தது. கிளிவிடு தூது தமிழுக்கும், எழுத்தச்சனின் கிளிப்பாட்டு மலையாளத்திற்கும் உரியன. அம்மரபின் கிளி யூதப் பெண்ணின் பாட்டிலும் வந்து அமர்ந்தது இயல்பே. இப்பாடல்களுள் பழைய அடுக்கைச் சேர்ந்தவற்றில், பாடிய பெண்களுக்கே பொருள் விளங்காத தொன்மையான சொற்கள் உள்ளன. பொருள் தெரியாத சொல்லையும் மாற்றாமல் எழுதிவைத்தமையே அவர்கள் செய்த பெருந்தொண்டு.

அறிஞர் ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் இவற்றைத் தொகுத்து, மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக 2005இல் எருசலேமில் வெளியிட்டனர். நூலின் தலைப்பு 'கார்குழலி'. இச்சொல்லுக்குத் தமிழர்க்கு உரை வேண்டுவதில்லை. சங்கம் முதல் திரைப்பாடல் வரை தமிழ்ப்பெண்ணுக்குச் சூட்டிய கருங்கூந்தல் அழகை, கொச்சி மணமகளும் சூடியிருந்தாள்.

இத்தொகுப்புக்கு முன்பே அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ஜான்சன், பல ஊர்களின் குறிப்பேடுகளை ஒப்புநோக்கி ஆராய்ந்தார். அவற்றில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒரே பாடல் பரதேசிப் பெண்ணின் ஏட்டிலும் இருந்தது. மலபாரிப் பெண்ணின் ஏட்டிலும் இருந்தது. இருக்கையைப் பகிர மறுத்தவர்கள் பாட்டைப் பகிர்ந்திருந்தனர். ஆடவர் கட்டிய சுவருக்கு மேலே பெண்களின் பாட்டு போய்வந்துகொண்டிருந்தது.

இவ்வேடுகளின் பெருமையை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் ரூபி தானியேல். 1912இல் மட்டாஞ்சேரியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றினார். 1951இல் இசுரேல் சென்று ஒரு கூட்டுப்பண்ணையில் வாழ்ந்தார். முதுமையில் பாடல்களைத் தேடித் திரட்டி ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஜான்சனோடு இணைந்து அவர் எழுதிய தன்வரலாறு 1995இல் வெளிவந்தது. தம் குடியின்மேல் சுமத்தப்பட்ட அடிமைப் பெயரையும், பள்ளியில் பட்ட இழிவையும் அதில் மறைக்காமல் எழுதினார். தாழ்த்தப்பட்டவர் எனப் பள்ளி ஒதுக்கிய குடியின் மகளே, அச்சமுதாயம் முழுமைக்குமான பாட்டைக் காத்துத் தந்தாள் என்பதை இலக்கிய உலகம் மறத்தலாகாது.

புறப்பாடு

1948இல் இசுரேல் நாடு உருவாயிற்று. கொச்சிப் பகுதியில் மட்டாஞ்சேரி, எறணாகுளம், சேந்தமங்கலம், பறவூர், மாளை ஆகிய ஐந்து ஊர்களில் எட்டு யூதப்பள்ளிகள் இருந்த காலம் அது. இவற்றுள் பறவூர் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. அதாவது பறவூர் யூதரும் புதுக்கடை மக்களும் ஒரே அரசரின் குடிகள். 1949 சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின், எட்டுப் பள்ளியின் யூதரும் புதுக்கடை மக்களும் ஒரே மாநிலத்தினராயினர்.

அம்மாநிலத்தில் 1954ஆம் ஆண்டு நிகழ்ந்த இரு செய்திகளை அடுத்தடுத்து வைத்துக் காண்பது நலம். அவ்வாண்டு ஆகத்து 11ஆம் நாள், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என எழுந்த போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் இதே புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. தம் மொழி வழங்கும் நிலத்தோடு இணைய விரும்பியோர் இம்மண்ணில் உயிர் ஈந்தனர். 1956 நவம்பர் முதல் நாள் அவ்விருப்பம் நிறைவேறியது. அதே 1954ஐ ஒட்டிய ஆண்டுகளில், அம்மாநிலத்தின் வடபகுதியில் ஏறத்தாழ 2,400 மலபாரி யூதர் வீட்டையும் தோப்பையும் விற்றுவிட்டுப் புறப்பட்டனர். அவர்கள் தம் மொழி வழங்கும் நிலத்தை விட்டு, தம் மறை பிறந்த நிலத்தை நாடிச் சென்றனர்.

ஒரு மாநிலம், ஓராண்டு, இரு வேறு விருப்பம். மொழியே தாயகம் என்றது தெற்கு. மறையே தாயகம் என்றனர் வடக்கிலிருந்து சென்றோர். எது சரி என்று தீர்ப்புரைக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் மொழியை விட்டுச் செல்வோர் எதனை இழப்பர் என்பதைச் சென்றவர்களின் வாழ்வே காட்டிற்று.

சென்றவர்களை இசுரேல் உடனே ஏற்கவில்லை. யானைக்கால் நோய் பரவும் என அஞ்சிய அதிகாரிகளால் பயணம் தாமதப்பட்டது. போனபின் அவர்கள் நெவாத்திம், மெசிலத் சியோன், தாவோசு, அவியேசர், கிபார் யூவால் முதலிய குடியேற்றங்களில் அமர்த்தப்பட்டனர். நெவாத்திம் பாலைநிலத்தில் உள்ளது. காயலும் கைதைப் புதரும் இடவப்பாதி மழையும் கண்டு வளர்ந்தவர்கள் பாலையில் கோழி வளர்த்தனர், பூச்செடி பயிரிட்டனர், நிமிர்ந்தும் நின்றனர். ஆனால் பிள்ளைகள் எபிரேயம் பேசினர். தாயின் மலையாளம் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு உரியதாயிற்று. குறிப்பேடுகள் பெட்டிக்குள் உறங்கின.

அவை பெட்டியோடு மறையாமல் காத்தது, முதிய பெண்கள் மீண்டும் ஒன்றுகூடிப் பாடத் தொடங்கியமையே. அவர்கள் பாடிய இசைத்தட்டு 2004இல் எருசலேமில் வெளிவந்தது. அதற்குச் சூட்டிய பெயரும் அழகிய கிளியை விளிப்பதே. மலையாளம் அறியாத பேர்த்திகள் ஓசையை மட்டும் பற்றிக்கொண்டு பாட்டியரோடு பாடினர். பொருள் தெரியாமலும் எழுதிவைத்த முன்னோரின் வழியிலேயே, பொருள் தெரியாமல் பாடும் பின்னோரும் அம்மரபைக் காத்தனர்.

எஞ்சியவை

கொச்சியில் எஞ்சியவை கட்டடங்கள். மாளை யூதர் 1955இல் தம் பள்ளியையும் இடுகாட்டையும் காக்குமாறு ஊராட்சியிடம் ஒப்படைத்துச் சென்றனர். சேந்தமங்கலத்துப் பள்ளியும் பறவூர்ப் பள்ளியும் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகங்களாயின. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உட்கூடு பெயர்த்தெடுக்கப்பட்டு எருசலேம் அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டது. எறணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளி நெடுங்காலம் நாற்றங்காலும் அலங்கார மீன்கடையுமாக இருந்தது. பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழா 1968 திசம்பரில் நிகழ்ந்தபோது பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. செப்பேட்டின் படியை 2017இல் இந்தியப் பிரதமர் இசுரேல் பிரதமர்க்குப் பரிசாக அளித்தார். இரு நாட்டு நட்புக்குச் சான்றாக அது காட்டப்பட்டது. பாட்டேடுகளை அரசுகள் பரிசாக மாற்றிக்கொண்டதாகச் செய்தி இல்லை.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பூவேலைத் துணிக்கடை நடத்திவந்த சாரா கோஹன் 2019இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார். இறுதிக் காலத்தில் மகன்போல் அவரைப் பேணியவர் ஓர் இசுலாமியர். தம் கையில் ஒப்படைக்கப்பட்ட நினைவுகளை அவர் தொடர்ந்து காத்துவருகிறார். தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் எபிரேயக் கையொப்பமும் அரபுக் கையொப்பமும் அருகருகே நின்றன அல்லவா? ஆயிரத்து நூற்றெழுபது ஆண்டு கழித்தும் அவை அருகருகே நின்றன.

யூத நெறியில் பொதுத் தொழுகை நிகழவேண்டுமானால் வயதுவந்த ஆடவர் பதின்மர் கூடவேண்டும். பரதேசிப் பள்ளியில் உள்ளூர்ப் பதின்மர் கூடாத நிலை வந்து பல்லாண்டுகளாயின. விளக்குகள் உண்டு, ஓடுகள் உண்டு, செப்பேடு உண்டு, தொழுவோர் வெளியூரிலிருந்து வரவேண்டும். ஒரு பண்பாடு காட்சிப் பொருளாவதற்கும் வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு அப்பத்து என்ற எண்ணிலேயே அடங்கிக் கிடக்கிறது.

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை காணலாம். செப்பேடு உரிமையைத் தந்தது. அந்த உரிமையின் நிழலில்தான் ஆயிரம் ஆண்டு வாழ்வு இயன்றது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும். ஆனால் செப்பேடு ஒரே இடத்தில் இருந்தது. ஒரு பிரிவினர் கையில் இருந்தது. பாட்டேடு எல்லாப் பிரிவினர் கைக்கும் சென்றது, கப்பலேறியது, பாலையிலும் பிழைத்தது. காத்தவர் பெயர் எவ்விடத்தும் பொறிக்கப்படவில்லை.

இத்தகைய ஏடுகள் குமரி மாவட்டத்து வீடுகளிலும் இருக்கின்றன. நாற்று நடுவோர் பாடிய பாட்டு, கடற்கரைப் பெண்களின் ஒப்பாரி, அம்மன் கொடையில் வில்லடித்துப் பாடிய கதை, திருச்சபைப் பாட்டோடு கலந்து வந்த தாலாட்டு எனத் தமிழும் மலையாளமும் தோள்சேர்ந்த பாடல்கள் பலப்பல. அவற்றில் பொருள் விளங்காத சொற்கள் இருக்கும். பிழையெனத் திருத்தத் தூண்டும் வடிவங்கள் இருக்கும். கற்றோர் திருத்தாமல் எழுதிவைப்பாராக. கவிஞர்கள் தம் கவிதையை எழுதும் ஏட்டின் பின்பக்கத்தில், தம் வீட்டு முதியவளின் ஒரு பாட்டையேனும் அவள் சொன்னவாறே எழுதிவைப்பாராக. பாடியவளின் பெயரையும் அடியில் எழுதுக.

பத்தாண்டு தொடர்ந்து கூடுதல் எளிய செயலன்று. பதின்மர் கூடிய இடத்தில் தொழுகை நிகழும் என்பது யூதர் நம்பிக்கை. பதின்மர் கூடிய இடத்தில் பாட்டும் நிற்கும் என்பதற்கு இவ்வட்டமே சான்றாக விளங்கட்டும். வட்டம் வளர்க, அதன் ஏடுகள் நிறைக.